சோடியம் பேசின பேச்சு

சார், தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். அந்த மிக்சர் பாக்கெட்டை மடிச்சுப் பைக்குள்ள வச்சிருங்க. எனக்கு வேணும்னு கேக்கல. எனக்கு வேண்டாம். உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்களுக்கு அறுபத்தஞ்சு தாண்டியிருக்கும்ல? அந்த வயசுக்கு மேல கடைப் பலகாரம் ஆகாது. எந்த எண்ணெய்ல போட்டான், எத்தனை தடவை அதே எண்ணெய்ல போட்டான், யாருக்குத் தெரியும்? அதைவிட அதுல இருக்கற உப்பு. உப்பு இருக்கே சார்...

சரி, உப்பைப் பத்தி நான் பேசக் கூடாது. எம் மக அப்படித்தான் சொல்லியிருக்கா. இனிமே யார்கிட்டயும் உப்பைப் பத்திப் பேசாதீங்கப்பான்னு. சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்லல.

தூத்துக்குடி வரைக்குமா? நானும் அங்கதான். நான் திண்டுக்கல்லயே ஏறிட்டேன். மக பொன்செல்வியைத் தூத்துக்குடியிலதான் கட்டிக் குடுத்திருக்கு, மருமகனுக்குத் துறைமுகத்துல வேலை. என் வீட்டம்மா இப்ப அவ வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன். காலுக்குக் கீழ இருக்கே, இந்தப் பை, எல்லாம் அவளுக்குத்தான். தினை, சாமை, வரகு, வெந்தயப் பொடி, சுண்டைக்காய் வத்தல். மோர்ல ஊறப் போட்ட வத்தல் இல்ல, சும்மா வெயில்ல காய வச்சது. மோர்ல போட்டா அதுல வேற... சரி, விடுங்க.

என் பேரு தனுஷ்கோடி. ரிட்டயர்ட் வார்டன். ஜெயில் வார்டன் இல்ல, எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. ஹாஸ்டல் வார்டன். கவர்மென்ட் பையன்க விடுதி. சர்வீஸ் பூரா பிள்ளைகளுக்குச் சோறு போட்டே போச்சு. எந்தக் கிழமைக்கு என்ன குழம்பு, எந்தக் கிழமைக்கு முட்டை, எல்லாம் போர்டுல எழுதிப் போட்டிருப்போம். போர்டுல என்ன இருக்கோ அதுதான் தட்டுல. புதுசா சேர்ற பையன் முதல் மாசம் அழுவான். தட்டைத் தள்ளி விடுவான். வீட்டுச் சாப்பாடு மாதிரி இல்லம்பான். கண்டுக்கிடவே கூடாது. அடுத்த மாசம் அவனே தட்டைக் கழுவிட்டு வரிசையில வந்து நிப்பான். இது புஸ்தகத்துல படிச்சது இல்ல, நான் கண்ணால பாத்தது. அதை வச்சுத்தான் வீட்டுலயும் ஆரம்பிச்சேன்.

வீட்டம்மா பேரு தங்கபுஷ்பம். அவளுக்குப் பிரஷர்னு போன வருஷம்தான் தெரிஞ்சது. எங்க தெருவுல இலவச முகாம் போட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லங்கன்னு சொன்னவளை நான்தான் இழுத்துட்டுப் போனேன். கையில பட்டையைச் சுத்திப் பாத்த பொண்ணு, மறுபடியும் சுத்திப் பாத்துச்சு. அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டுச்சு. அவர் மாத்திரை எழுதிக் குடுத்தார். உப்பைக் குறைச்சுக்கங்கம்மான்னார். அவ்வளவுதான் சொன்னார்.

எங்க அண்ணனுக்குப் பக்கவாதம் சார். பிரஷர்தான் காரணம். ஊறுகாய் இல்லாம அவருக்குச் சோறு எறங்காது. படுத்த படுக்கையாக் கெடந்தார். வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. எங்க மதினிதான் எல்லாம் எடுத்துப் போட்டாங்க, கடைசி வரைக்கும். நான் போய்ப் பாத்துட்டு வருவேன். அன்னைக்குப் பூரா எனக்குச் சாப்பிடத் தோணாது. தங்கபுஷ்பம் அந்த மாதிரிக் கெடந்தா நான் என்ன செய்வேன்? எனக்கு அவளை விட்டா யார் இருக்கா? எனக்குப் பயம் சார். இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு. பயந்துபோய்த்தான் எல்லாம் செஞ்சேன். எம் மக மத்ததையெல்லாம் கேக்கறா, இதை மட்டும் காதுல வாங்க மாட்டேங்கறா.

டாக்டர் குறைக்கச் சொன்னார். நான் நிறுத்திட்டேன். ஏன்னு கேளுங்க. குறைன்னு சொன்னா யாரும் குறைக்க மாட்டாங்க. ஹாஸ்டல்ல சீனியைக் குறைன்னு சமையல்காரர்கிட்டச் சொன்னா, டீயில இருக்கற சீனி குறையாது, மூட்டையில இருக்கற சீனிதான் குறையும். நிறுத்துன்னு சொன்னாத்தான் வழிக்கு வருவாங்க. அதனால உப்பு ஜாடியை எடுத்து என் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட. அவ கேக்கவும் இல்ல.

காலைல எழுந்ததும் வெந்தயத் தண்ணி. அப்புறம் தினைக் கஞ்சி. மதியம் சாமைச் சோறு, வேக வச்ச காய், கீரை. சீனி இல்ல, எண்ணெய் இல்ல, தேங்காய் இல்ல. முட்டை, மீனெல்லாம் கொழுப்புன்னு அதையும் நிறுத்தினேன். தண்ணி மட்டும் நிறையக் குடிக்கணும். எங்க பென்ஷனர் குரூப்புல தினமும் காலை வணக்கத்தோட ஒரு குறிப்பு வரும், தண்ணி குடிச்சா பாதி வியாதி ஓடிரும்னு. பாட்டிலை நிரப்பிப் பக்கத்துல வச்சிருவேன். காலியாச்சான்னு பாத்து மறுபடி நிரப்புவேன். சாயங்காலம் நடை. நான் முன்னால, அவ பின்னால. எல்லாம் உடம்புக்கு நல்லதுதானே. இதுல எது தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

முதல் நாள் ஒரு வாய் வச்சா. தட்டைப் பாத்தா. என்னைப் பாத்தா. சாப்பிட்டு எழுந்திரிச்சுட்டா. அவ எப்பவும் எதிர்த்துப் பேச மாட்டா சார், அந்த விஷயத்துல நான் குடுத்து வச்சவன். கொஞ்ச நாள் கழிச்சு, "நாக்கு செத்துப் போச்சுங்க"ன்னா. பழகிரும்னேன். அவ ஊரு ஆறுமுகநேரி. உப்பளத்து ஊரு. அவங்க அப்பா உப்பளத்துல கணக்குப்பிள்ளையா இருந்தவர். அந்த ஊர்க்காரங்களுக்கு நாக்கே வேற. கருவாடு இல்லாம அவங்களுக்குக் கல்யாணமே நடக்காது. அதனால கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நான் கூடவே இருந்தேன்.

கூடவேன்னா, அவ சாப்பிட உக்காந்ததும் எதிர்ல நாற்காலியைப் போட்டு நானும் உக்காந்துருவேன். முடிக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். ஹாஸ்டல்லயும் அப்படித்தான், பந்தி முடியற வரைக்கும் வராந்தாவுல நடந்துக்கிட்டே இருப்பேன். ஆள் இல்லைன்னா கீழ கொட்டிருவானுக. அவ கொட்டுவான்னு சொல்லல. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா அவளுக்கு ஒரு தெம்பு. மெல்ல மென்னு சாப்பிடுன்னு சொல்லுவேன். கீரையை ஒதுக்காதேன்னு சொல்லுவேன். இந்த அளவுக்கு எந்தப் புருஷன் சார் பாத்துக்குவான்? எங்க குரூப்புலயே சொல்லுவாங்க, தனுஷ்கோடி சார் வீட்டம்மா அதிர்ஷ்டசாலின்னு.

பக்கத்து வீட்டுல ஜெய்னம்புன்னு ஒரு அம்மா. நல்ல மனுஷி. நோன்பு மாசத்துல வருஷா வருஷம் தூக்குல கஞ்சி குடுத்து விடுவாங்க. இந்த வருஷமும் வந்துச்சு. தங்கபுஷ்பம் வாங்கி மூடியைத் தெறந்து முகத்துக்கிட்ட வச்சுக்கிட்டு நின்னா. குடிக்கல. வாசத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் வாங்கி மூடி, நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தேன். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அவளுக்கு உப்பு ஆகாது"ன்னேன். "ஒரு வாய்க் கஞ்சிதானேண்ணே"ன்னாங்க அந்தம்மா. ஒரு வாய்லதான் எல்லாமே ஆரம்பிக்குது, உங்களுக்கும் ஒரு வயசாச்சுல்ல, நீங்களும் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம் அவங்க வீட்டுல இருந்து எதுவும் வரல. தங்கபுஷ்பமும் அங்க போயிப் பேசிக்கிட்டு இருக்கறதை நிறுத்திட்டா. நேரம் மிச்சம்.

ஒரு நாள் நான் பேங்குக்குப் போயிட்டு வர்றேன். வாசல்லயே வாசம். கருவாடு. யார்கிட்ட வாங்கினாளோ, எங்க ஒளிச்சு வச்சிருந்தாளோ, நாலு நெத்திலியை அடுப்புல சுட்டு வச்சிருக்கா. வாயில இன்னும் வைக்கல. நான் வந்து நின்னதும் கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டா. நான் சத்தம் போடல சார். நான் சத்தம் போடற ஆளே இல்ல. கையை நீட்டினேன். குடுத்துட்டா. ஜன்னலைத் தெறந்து விட்டேன். அதைப் பின்னால இருந்த பூனைக்குப் போட்டேன். பூனை தின்னுச்சு. அன்னைக்குச் சாயங்காலமும் நடை போனோம்.

பலன் தெரிஞ்சுச்சு சார். பிரஷர் நல்லா எறங்கிருச்சு. உடம்பும் எறங்கிச்சு, ரவிக்கையெல்லாம் பிடிச்சுத் தச்சா. எனக்குச் சந்தோஷம். குரூப்புல எழுதினேன். எல்லாரும் கை தட்டற படம் போட்டாங்க.

அப்புறம்தான் அவ போக்கு கொஞ்சம் மாறிச்சு. பேச்சு குறைஞ்சுச்சு. அது முன்னாடியும் கம்மிதான், அதனால நான் கவனிக்கல. நடக்கும்போது செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. அடுப்புல பாலை வச்சுட்டு அதைப் பாத்துக்கிட்டே நிப்பா, பொங்கி வழியும், அப்பவும் பாத்துக்கிட்டு நிப்பா. போன்ல மக கேட்டா, அம்மா ஏன்பா இழுத்து இழுத்துப் பேசறாங்கன்னு. வயசாகுதுல்லன்னேன். எனக்கே அப்படித்தான் தோணிச்சு. சோர்வா இருக்கான்னு தண்ணியை இன்னும் கூட்டினேன். அறுகம்புல் சாறு சேத்தேன்.

ஒரு நாள் மதியம். சாப்பாட்டு நேரம். நான் நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டேன், ஆளைக் காணோம். எழுந்து போயிப் பாத்தா, அடுக்களை வாசல்ல நிக்கறா. கையில தட்டு. இன்னொரு கையில டம்ளர். முகத்தைக் கழுவி, முடியைத் தண்ணி தொட்டுப் படிய வாரியிருக்கா. செவுத்தோட ஒட்டி நிக்கறா. உக்காரும்மான்னேன்.

"பெல் அடிக்கட்டும் சார்"ங்கறா.

என்னம்மா பெல்லுன்னேன். அவ என்னைப் பாக்கல, நேரா முன்னால பாத்துக்கிட்டு இருந்தா. வரிசையில நிக்கற பையன்க அப்படித்தான் நிப்பானுக. நாங்க ரொம்ப வருஷம் ஹாஸ்டல் குவார்ட்டர்ஸ்ல குடியிருந்தோம் சார். ஜன்னல்ல இருந்து பாத்தா சாப்பாட்டு வரிசை தெரியும். அதைப் பாத்துப் பாத்து மனசுல இருந்திருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உண்மையைச் சொல்றேன், முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. விளையாடறான்னு நினைச்சேன். அவ விளையாடி நான் பாத்தது இல்ல, இருந்தாலும் அப்படித்தான் நினைச்சேன்.

அப்புறம், "வார்டன் சார், எனக்கு லீவு வேணும்"ன்னா. எதுக்குன்னேன். "ஊருக்குப் போணும். எங்க அண்ணன் வந்து கேட் வாசல்ல நிக்கறான். நான் இங்கன இருக்க மாட்டேன் சார். எனக்கு இங்கன இருக்கப் புடிக்கல. ஒரு நாளும் புடிச்சதில்ல"ன்னா. அழுகல, சத்தம் இல்ல. லீவு லெட்டர் வாசிக்கற மாதிரி சொன்னா. அவ அண்ணன் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு சார். நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். தட்டு கீழ விழுந்துச்சு. அவளும் விழுந்தா. வாய் கோணியிருக்கான்னுதான் முதல்ல பாத்தேன். கோணல. ஆனா கண்ணு செருகிருச்சு.

ஜெய்னம்பு அம்மாவோட மகன்தான் ஆட்டோ கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில படுக்க வச்சு ரத்தம் எடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல டாக்டர் வந்தார். சின்ன வயசு, எங்க ஹாஸ்டல்ல படிச்ச பையன் மாதிரி இருந்தார். "சோடியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. வீட்டுல உப்பு எப்படிப் போடுவீங்க?"ன்னார். நான் நிமிந்து உக்காந்தேன். போடவே மாட்டோம் டாக்டர், சுத்தமா நிறுத்தியாச்சுன்னேன். பாராட்டுவார்னு நினைச்சேன். அவர் பேனாவை மூடிட்டார்.

"யார் நிறுத்தச் சொன்னது? குறைக்கத்தானே சொல்லியிருப்பாங்க. இவங்க சாப்பிடற பிரஷர் மாத்திரையே நீரைப் பிரிச்சு விடும், அதோட உப்பும் போயிரும். அதுக்கு மேல தண்ணி குடம் குடமாக் குடுத்திருக்கீங்க. உப்பைச் சுத்தமா எடுத்துட்டீங்க. சாப்பாடும் குறைஞ்சு போச்சு. வயசானவங்க உடம்பு இதைத் தாங்காதுங்க. அதான் மூளை குழம்பியிருக்கு"ன்னார்.

எனக்கு ஒண்ணுமே தோணல சார். கோபம் இல்ல, அழுகை இல்ல. கேட்டுக்கிட்டு இருந்தேன். பக்கத்துக் கட்டில்ல யாரோ ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அவ என்னென்னமோ பேசினாளே டாக்டர், லீவு வேணும், ஊருக்குப் போணும், இருக்கப் புடிக்கலன்னு, அதெல்லாம் என்னன்னு. "சோடியம் குறைஞ்சா அப்படித்தான் பேசுவாங்க. அதை அவங்க பேசினதா எடுத்துக்காதீங்க"ன்னார்.

டாக்டர் சொன்ன வார்த்தை சார் இது. நானா சொல்லல. அது அவ பேசல, சோடியம் பேசினது.

உப்புத் தண்ணி ஏத்தினாங்க. சட்டுன்னு ஏத்தக் கூடாதாம், மெதுவாத்தான் ஏத்தணுமாம். நான் பக்கத்துலயே உக்காந்து சொட்டு விழறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மக தூத்துக்குடியில இருந்து வந்து சேந்தா. வந்ததும் டாக்டர்கிட்டப் பேசிட்டு எங்கிட்ட வந்து நின்னா.

"அப்பா, நீங்களும் உப்பில்லாமத்தான் சாப்பிட்டீங்களா?"

இது என்ன கேள்வி சார்? எனக்கு எதுக்கு உப்பில்லாம? எனக்குத்தான் பிரஷர் இல்லையே. முதல்ல நானும் அவகூடச் சேந்து சாப்பிட்டுத்தான் பாத்தேன். ரெண்டு வேளை. தொண்டையில எறங்கல. எனக்கு வியாதி இல்லாதப்ப எதுக்கு வீம்புக்குன்னு, எனக்குத் தனியா ஒரு குழம்பு வைக்கச் சொல்லிட்டேன். அவதான் வைப்பா. ஜாடியை நான் எடுத்துக் குடுப்பேன், போட்டதும் வாங்கி உள்ள வச்சிருவேன். ருசி பாக்கறது மட்டும் நான். அவ பாக்கக் கூடாதுல்ல. ஹாஸ்டல்லயும் வார்டன் சாப்பாடு தனிதான், அது ஒண்ணும் புதுசு இல்ல. இதை அப்படியே மககிட்டச் சொன்னேன். வெளிய போயி ரொம்ப நேரம் வராந்தாவுல நின்னுக்கிட்டு இருந்தா.

தங்கபுஷ்பம் கண்ணு முழிச்சு, ஆளை அடையாளம் சொல்ல ஆரம்பிச்சதும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னார். உப்பு அளவாப் போடுங்க, ஊறுகாய் அப்பளம்னு அள்ளித் தர வேண்டாம், சுத்தமா எடுக்கவும் வேண்டாம். மாத்திரையை மாத்தித் தர்றேன், அப்பப்ப ரத்தம் பாத்துக்கங்க. தாகத்துக்குத் தண்ணி குடிச்சாப் போதும். பருப்பு, முட்டை, மீன் எல்லாம் வேணும், இல்லைன்னா சதை கரைஞ்சு, கீழ விழுந்து எலும்பை ஒடிச்சுக்குவாங்க. தினையும் நல்லதுதான், அரிசிச் சோறும் விஷம் இல்ல. முக்கியமா அவங்களுக்குப் பிடிச்சதைக் குடுங்க, வாய்க்குப் பிடிச்சாத்தான் வயித்துக்குப் போகும்னார். சரி சரின்னு கேட்டுக்கிட்டேன். "கூட உக்காந்து சாப்பிடுங்க"ன்னும் சொன்னார். அது நான் ஏற்கெனவே செய்யறதுதான்னு சொன்னேன்.

"அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"னு எங்கிட்டக் கேட்டார். அவளுக்குப் பிடிக்காததுன்னு ஒண்ணும் கிடையாது டாக்டர், எது குடுத்தாலும் சாப்பிட்டுருவான்னேன். மக குறுக்க விழுந்து, "சுடு சோத்துல தேங்காய்ப்பால் ஊத்தின மீன் குழம்பு. காலையில ஆப்பம். மோர் மிளகா"ன்னு சொல்லிக்கிட்டே போறா. எனக்கு இதெல்லாம் தெரியாது சார். நாப்பது வருஷத்துக்கு மேல ஒரே வீட்டுல இருக்கோம், அவ எங்கிட்ட இது வேணும்னு சொன்னதே இல்ல. கேக்காத ஒண்ணு எனக்கு எப்படித் தெரியும்?

டிஸ்சார்ஜ் ஆனதும் மக நேரா காரை வரச் சொல்லிட்டா. கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்பா, நான் பாத்துக்கறேன்னா. எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்ல? கேக்கல. தங்கபுஷ்பம் கார்ல ஏறி உக்காந்துக்கிட்டா. கண்ணாடியை எறக்கி, "கேஸ் தீரப் போகுது, பதிஞ்சிருங்க"ன்னா. நல்ல ஞாபகம் திரும்பிருச்சேன்னு எனக்கு நிம்மதி. கார் போயிருச்சு.

அதுல இருந்து நான் மட்டும்தான். சமைக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல, போர்டு மாதிரி எழுதி அடுக்களையில ஒட்டியிருக்கேன். உப்பு ஜாடி இப்ப மேடை மேலயே இருக்கு. போட்டுத்தான் சாப்பிடறேன். ஆனா எனக்கு ருசியே தெரிய மாட்டேங்குது சார். இன்னும் கொஞ்சம் போட்டாலும் தெரியல. குழம்பா ரசமான்னு கூடத் தெரியாம ஒரு நாள் சாப்பிட்டு எழுந்திரிச்சிருக்கேன். எதிர்ல அந்த நாற்காலி கெடக்கும். எனக்கு எதுவும் தோணாது. தட்டைக் கழுவி வச்சுட்டுப் படுத்துருவேன். காய்ச்சல் ஏதாவதுன்னு நானும் ரத்தம் குடுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.

வாராவாரம் போன் பண்ணுவேன். மகதான் எடுப்பா. அம்மா தூங்குறாங்க, அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்கம்பா. மார்க்கெட்டுக்காம் சார், தனியா. மீன் வாங்கறதுக்கு. வெயிட் கூடியிருக்குன்னு சொல்றா. ரத்தம் பாத்தாச்சு, சோடியம் சரியா இருக்கு, பிரஷரும் கட்டுக்குள்ள இருக்குன்னு சொல்றா. சரியா இருந்தா அப்புறம் எதுக்கு அங்க இருக்கணும்? சரியாயிட்டா வீட்டுக்கு வர வேண்டியதுதானே முறை?

நேத்துத்தான் தங்கபுஷ்பமே எடுத்தா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. ஆச்சுன்னேன். ஜெய்னம்பு மகளுக்குப் பேறுகாலம் ஆயிருச்சான்னு கேட்டா. பின்கட்டுல துணி காயுதா, அந்தப் பக்கம் மழை வரும்னு டிவியில சொல்றான், எடுத்துருங்கன்னா. எல்லாம் தெளிவு சார். இழுவை இல்ல, தடுமாற்றம் இல்ல. நான் சந்தோஷமா, அப்ப நாளைக்கு வந்து கூட்டிட்டு வர்றேன், துணிமணியை எடுத்து வைன்னேன்.

"நான் வரலைங்க"ன்னா.

ஏன், உடம்பு இன்னும் சரியில்லையான்னேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன். இங்க நான் சாப்பிடயில யாரும் என் தட்டைப் பாக்கறதில்ல"ன்னா. "நீங்க வாறதுன்னா வந்து பேரப் பிள்ளைகளைப் பாத்துட்டுப் போங்க. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குன்னு வராதீங்க"ன்னா. அப்புறம் போனை வச்சுட்டா. கோபமா வைக்கல சார். பேச்சு முடிஞ்சா வைக்கற மாதிரி வச்சா.

நான் போனைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். துணி நனைஞ்சிருச்சு. அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. தங்கபுஷ்பம் இப்படிப் பேசற ஆளே இல்ல சார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து வரலைன்னு ஒரு வார்த்தை, வேண்டாம்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கா, அன்னைக்குத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப. அப்ப அது சோடியம். டாக்டரே சொல்லிட்டார். அப்படின்னா இப்பவும் அதுதானே இருக்கணும்? அங்க ஏதோ சின்ன லேப்ல பாத்திருக்காங்க, தப்பாச் சொல்லியிருப்பான். அதான் கிளம்பிட்டேன். போனதும் முதல் வேலையா அவளைப் பெரிய லேபுக்குக் கூட்டிட்டுப் போயி இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லப் போறேன். கையோட ரிசல்ட் வாங்கிருவேன். குறைவா இருந்துச்சுன்னா மருந்து குடுக்கட்டும், சரியானதும் அவளே வீட்டுக்குப் போலாம்பா. எனக்கு நம்பிக்கை இருக்கு.

என்ன சார்? ரிசல்ட் சரியா வந்தா என்ன செய்வீங்கன்னா கேக்கறீங்க?

வராது சார்.

இல்ல, வராது. சரியா வந்துச்சுன்னா, அன்னைக்கு வரிசையில நின்னு பேசினது, நேத்துப் பேசினது, எல்லாம் அவளே பேசினதா ஆயிரும்ல.